எத்தனை கட்டை? வீட்டில் பாட்டுப் பதிய ஒரு கீபோர்டு

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவர் "எத்தனை கட்டை?" என்று கேட்டால், கேட்டவர் யார் என்று பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். பாட்டு வாத்தியார் கேட்டால் அது சுருதி: ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. வாத்தியக் கடையில் கேட்டால் கீ எண்ணிக்கை: 25, 49, 61, 88. இரண்டு கேள்விக்கும் தாய் ஒன்றுதான், ஆர்மோனியம். அதன் வெள்ளைக் கட்டைகளில் 'ஸி'யை ஒன்று என்று வைத்து ஏழு வரை எண்ணினார்கள். இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆயின. மூன்றரை மட்டும் கிடையாது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்தரைக் கட்டையில் பாடினார் என்று இன்றும் பேசுகிறோமே, அந்தக் கணக்கு இதுதான். வீட்டில் பாட்டுப் பதிய கீபோர்டு வாங்கப் புறப்படுகிறவர் இந்த இரண்டு கட்டைக் கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் கேட்கிறார்கள். ஏமாற்றம் அங்கே தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்கு எங்கள் பேட்டை பொருத்தமான இடம். கிரீன்வேஸ் சாலையில் பிராடி கோட்டை இருக்கிறது. கம்பெனி காலத்தில், 1790-களின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய வீடு. அரசு இசைக் கல்லூரி அங்கேதான் நடக்கிறது. 1949-இல் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சத்யா ஸ்டூடியோ இருந்தது; இப்போது அந்த வளாகத்தில் பெண்கள் கல்லூரி. ஒரு பக்கம் கர்நாடக சங்கீதம், ஒரு பக்கம் சினிமா. நடுவில் எங்களைப் போன்றவர்களின் அடுக்ககங்கள், அவற்றுக்குள் படுக்கையறையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்ட 'ஸ்டூடியோ'க்கள். எங்கள் கட்டடத்திலேயே மூன்று இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் ராத்திரி முழுக்க பீட் போடுகிறான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தாம் எழுதிய முருகன் பாட்டுகளுக்குத் தாமே மெட்டமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மேல்மாடி பாட்டு டீச்சர் வெளிநாட்டு மாணவிகளுக்குச் சாதகம் செய்ய டிராக் போட்டுத் தருகிறார். மூவரும் வெவ்வேறு நாளில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கீபோர்டா, சிந்தா, கன்ட்ரோலரா?"

கடையில் இவை மூன்றும் அருகருகே, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது, நாம் வழக்கமாகக் கீபோர்டு என்று சொல்வது. ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும், தாளம் தானே ஓடும், இடது கையால் கார்டு பிடித்தால் பின்னணி முழுக்க எழும். பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்பது இதுதான். யமஹாவின் 'பிஎஸ்ஆர்-ஐ' வரிசையும் கேசியோவின் 'ஐஎன்' என்று முடியும் மாடல்களும் தபலா, டோலக், தம்புரா எல்லாம் வைத்து இந்தியாவுக்கென்றே செய்யப்படுபவை. சென்னையை ஒட்டி யமஹாவின் ஆலையே 2019 முதல் இயங்குகிறது. இரண்டாவது சிந்தசைசர். இதில் பெரும்பாலும் ஸ்பீக்கர் கிடையாது. ஒலியை உருவாக்கும், மாற்றும் வேலைக்குப் பட்டன்களும் குமிழ்களும் நிறைய. மூன்றாவது கன்ட்ரோலர். இது ஊமை. எந்தக் கட்டையை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற செய்தியை மட்டும் கணினிக்குச் சொல்லும். பாடுவது கணினியிலுள்ள மென்பொருள்.

ஊமை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வங்கிப் பெரியவர் முதலில் வாங்கியது கன்ட்ரோலர்தான். பெட்டியைப் பிரித்து, ஹெட்ஃபோன் ஓட்டையைத் தேடி, கிடைக்காமல், பழுதான சாமானைத் தள்ளிவிட்டார்கள் என்று கடைக்குப் போன் செய்யவே ஆரம்பித்துவிட்டார். சாமானில் பழுது ஒன்றுமில்லை. பியானோவின் மரக்கட்டை வரிசையை மட்டும் கழற்றி எடுத்து வந்தால் அது ஒலிக்குமா? அதே கதை.

அந்தச் செய்தி போகும் மொழிக்கு மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் சிந்த் ஒன்றையும் ரோலண்டின் சிந்த் ஒன்றையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். முன்னவரின் டேவ் ஸ்மித், பின்னவரின் இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் இதற்காக 2013-இல் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. போட்டிக் கம்பெனிகள் சேர்ந்து செய்து, காப்புரிமைக் காசு வாங்காமல் விட்ட மொழி அது. அதனால்தான் இன்று எந்தக் கம்பெனிக் கட்டையும் எந்த மென்பொருளோடும் பேசுகிறது.

மிடி வந்த சில ஆண்டுகளிலேயே அதன் சத்தம் கோடம்பாக்கத்தில் கேட்டது. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினி இசைக்காகப் பேசப்பட்ட படம். இளையராஜாவிடம் அப்போது கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் திலீப், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆனவர். அவர் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்த பின், அவர் விட்டுச்சென்ற வாத்தியக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது என்பது ஊரறிந்த கதை. அந்தக் காலத்தில் ஒரு சிந்த் என்பது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய முதலீடு. 1989-இல் ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-இல் 'ரோஜா' வந்தது. தமிழ்நாட்டில் வீட்டுப் பதிவுக்கு முன்னோடி ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். சொந்த இடம், சொந்த நேரம், மணிக்கணக்கு வாடகை பார்க்காமல் ஒரு ஒலியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டும் வசதி.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அன்று ஒலி பெட்டிக்குள் இருந்தது. யமஹா டிஎக்ஸ்7 (1983), ரோலண்ட் டி-50 (1987), கோர்க் எம்1 (1988) என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குரல். அந்தக் குரல் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியை வாங்கியே தீர வேண்டும். உலகமே கேட்ட எம்1-இன் ஒலிகள் அத்தனையும் அடங்கியது வெறும் 4 மெகாபைட்டில். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு பியானோ ஒலித்தொகுப்பே பல நூறு மெகாபைட். வைட்டல், சர்ஜ் போன்ற மென்பொருள் சிந்துகள் காசில்லாமல் கிடைக்கின்றன. நம் வாத்தியங்களுக்கு ஸ்வர்பிளக் போன்றவை விலைக்குக் கிடைக்கின்றன. ஒலி பெட்டியை விட்டு வெளியேறிக் கணினியில் குடியேறிவிட்டது. "இதில் 600 டோன் இருக்கு சார், அதில் 800 டோன் இருக்கு சார்" என்று கடைப் பையன் சொல்லும் கணக்கு, வீட்டில் கணினி வைத்துப் பதிகிறவருக்கு உதவாத கணக்கு. பெட்டியிலிருந்து கணினிக்குப் போகாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று: விரல் படும் இடம். காசை அங்கே போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

விரல் படும் இடம் என்றதும் எல்லோரும் கட்டைகளைப் பார்ப்பார்கள். நான் கட்டைகளுக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பார்க்கச் சொல்வேன். அதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும்.

1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அப்போது தலைமையில் இருந்தவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் அதற்குமுன்பே ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியிருந்தார். தாகூருக்கும் அது ஆகாது. குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, ஆர்மோனியத்தின் சுரத்தானங்கள் ஐரோப்பிய சமப் பங்கீட்டில் அமைந்தவை, நம் சுருதியோடு ஒட்டாதவை. இரண்டு, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒன்றுமே இல்லை, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது. தடை ஓரளவு தளர 1971 வரை ஆயிற்று. முப்பது ஆண்டுத் தடை சரியா என்று இன்றும் சண்டை போடலாம். நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு தலைமுறையே பாடியிருக்காது. ஆனால் அந்த இரண்டு குற்றச்சாட்டும் இன்று நீங்கள் வாங்கப்போகும் கன்ட்ரோலருக்கும் அப்படியே பொருந்தும்.

வெளியிலிருந்து வந்து கர்நாடக மேடையில் உட்கார்ந்த வாத்தியங்களைப் பாருங்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலின் விரல் வழுக்க இடம் கொடுத்தது. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, மின்சாரம் சேர்த்து, அதை வளைய வைத்தார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையே தம் வசத்துக்கு மாற்றிக்கொண்டார். கட்டை வாத்தியம் மட்டும் வாசலிலேயே நின்றது. அதை உள்ளே அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த 'கீபோர்டு' சத்யநாராயணன். வலக்கை கட்டையில், இடக்கை பிட்ச் வீலில். இரண்டு கையும் சேர்ந்து ஒரே ஒரு குரலைப் பாடுகின்றன. பியானோக்காரர் பார்த்தால் இடக்கை வீணாகிறதே என்பார். வீணையில் வலக்கை மீட்ட, இடக்கை இழுக்கவில்லையா? அதே வேலைப் பங்கீடு.

இனி ஒரு சோதனை. கடையிலேயே செய்யலாம், இரண்டு நிமிடம் போதும். ஒரு கட்டைச் சுருதி, அதாவது ஸி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். தோடியின் காந்தாரம் வேண்டும். அது ஒரு இடத்தில் நிற்கும் சுரம் அல்ல. சுத்த ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடும். மிடி கருவிகளில் சக்கரத்தின் வீச்சு வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். சாதாரண காந்தாரக் கட்டையை, அதாவது டி-க்கும் ஈ-க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முழுக்க மேலே தள்ளினால் மிகச்சரியாக மத்யமம். முழுக்கக் கீழே இழுத்தால் மிகச்சரியாகச் சுத்த ரிஷபம். ஆகா, ஜப்பான்காரன் தோடி பாடத்தானே இதைச் செய்திருக்கிறான் என்று தோன்றும்.

அசைத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். சக்கரத்தின் நடுவில் ஸ்பிரிங் பிடிப்பும், கொஞ்சம் செத்த இடமும் உண்டு. மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு தடவையும் ஒலி நட்ட நடுவில், அந்தத் தட்டையான காந்தாரத்தில், ஒரு கணம் தங்கிவிட்டுப் போகும். தோடி காந்தாரம் எங்கே நிற்கக் கூடாதோ அங்கேயே நிற்கிறது. கேட்கிற டீச்சர் முகம் சுளிப்பார். வழி உண்டு: மென்பொருளில் சக்கரத்தின் வீச்சை நாலு அரைச்சுரமாக்கிவிட்டு, ரிஷபக் கட்டையை அழுத்தி, சக்கரத்தை மேல்பாதியில் மட்டுமே ஓட்ட வேண்டும். நடுப்பிடிப்பு இப்போது ரிஷபத்தில் வந்து உட்காரும். அங்கே தங்கினால் குற்றமில்லை. இதைச் செய்து பார்க்க லாகவமான சக்கரம் வேண்டும். எண்ணெய் போடாத கதவுபோல் திருகிக்கொள்ளும் சக்கரத்தில் தோடி வராது, சகானாவும் வராது.

எல்லாக் கருவியிலும் சக்கரம் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். யமஹாவில் பெரும்பாலும் சக்கரம்; ஆனால் ஆரம்பநிலை மாடல்கள் சிலவற்றில் அதுவே கிடையாது. ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் நெம்புகோல். கோர்க்கின் பெரிய சிந்துகளில் ஜாய்ஸ்டிக். அக்காய் எம்பிகே மினியில் கட்டைவிரலால் அசைக்கும் குட்டிக் குச்சி. ஆர்ட்டூரியா மினிலேபில் தடவும் பட்டை. கோர்க் நானோகீ2-இல் இரண்டு பட்டன்கள் மட்டும். என் கைக்குச் சொல்கிறேன்: சுரம்விட்டுச் சுரம் வழுக்கும் நீண்ட ஜாருவுக்கு ரோலண்ட் நெம்புகோல் சுகம், பக்கவாட்டு அசைவு வயலின் விரலை நினைவூட்டும். சுரத்தை அசைக்கும் கம்பிதத்துக்குச் சக்கரம். குட்டிக் குச்சியும் பட்டனும் சினிமாப் பாட்டின் கித்தார் இழுப்புக்குச் சரி, ராகத்துக்கு ஆகாது. இது என் பழக்கம்; உங்கள் விரல் வேறு சொல்லலாம்.

பணம் ஒரு பொருட்டல்ல என்கிறவர்களுக்குக் கட்டையே இல்லாத கருவிகள் இருக்கின்றன. லிப்போல்ட் ஹேக்கன் வடிவமைத்த கன்டினியம் ஒரு தட்டையான விரிப்பு. விரல் போகும் இடமெல்லாம் சுரம். 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் முடிவில் ரஹ்மான் வாசிப்பது அதுதான். ரோலியின் சீபோர்டு மெத்தைபோல் அமுங்கும் கட்டைகளால் ஆனது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியே சுரத்தை வளைக்கும் இந்த முறைக்கு எம்பிஇ என்று பெயர். 2018-இல் மிடியின் முறையான பகுதியாயிற்று. அருமையான சங்கதிதான். ஆனால் புது வாத்தியம் ஒன்றைப் புதிதாகக் கற்பதற்குச் சமம். பாட்டை இந்த மாதம் பதிய வேண்டியவர் இதற்குள் போக வேண்டாம்.

மற்றக் குற்றச்சாட்டான சுருதிக்கு வருவோம். தம்புராவோடு இயற்கையாகச் சேரும் அந்தர காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்ந்தது. சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. சினிமா கேட்டு வளர்ந்த காதுக்கு இது உறுத்தாது. பின்னால் தம்புரா ஓட, கல்யாணியில் காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் உறுத்தும். பல சிந்துகளிலும் கீபோர்டுகளிலும் ஸ்கேல் டியூன் என்ற வசதி உண்டு. பன்னிரண்டு சுரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். கன்ட்ரோலர் வாங்குகிறவர் இதை மென்பொருளில் தேட வேண்டும். டிரான்ஸ்போஸ் பட்டன் கட்டாயம். ஐந்து கட்டைப் பாடகிக்கு வாசிக்கும்போது அதைக் கீழே ஐந்து தட்டு தட்டிவிட்டால் கை பழகிய ஸி-யிலேயே ஓடும், ஒலி ஜி-யில் வரும்.

இப்போது கீ எண்ணிக்கை. இதில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. பீட் போடும் பையனுக்கு 25 போதும், பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் பெரும்பாலும் குட்டிக் கட்டைகள், பழகிய கைக்கு இடிக்கும். ஒரு கையால் மெட்டும் ஒரு கையால் சக்கரமும் பிடிப்பவருக்கு 49 தாராளம். இரண்டு கையாலும் வாசிப்பவருக்கு 61. பியானோ கற்பவருக்கு 88, அதுவும் சுத்தியல் எடை உள்ள கட்டை. பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிரினிட்டி தேர்வுகளில் பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு. பிள்ளை எதற்குப் படிக்கிறது என்று கேட்காமல் வாங்கிவிட்டு இரண்டாம் தடவை செலவழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். 88 கட்டையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடுராத்திரி வாசித்தால் உங்களுக்குக் கேட்பது ஷோபன். கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது டொக் டொக் டொக். சுத்தியல் எடையின் அதிர்வு ஸ்டாண்டு வழியாகத் தரைக்குப் போய்விடும். கால்களுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடாமல் அடுக்ககத்தில் அதை வைக்க வேண்டாம்.

தொடு உணர்வு, கடைக்காரர் பாஷையில் 'டச்', எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நம் ஊர்க் கடற்காற்றின் கைவரிசையும் புரியும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழில் இரண்டு கரித் தொடுபுள்ளிகள். கட்டையை அழுத்தும்போது ஒன்று முதலில் படும், மற்றது சற்றுப் பின்னால். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் நீங்கள் மெல்ல அடித்தீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று கருவி முடிவுசெய்கிறது. அளப்பது பலத்தை அல்ல, வேகத்தை. இந்தப் புள்ளிகளில் ஒன்றில் தூசோ உப்புப் பிசுக்கோ படிந்தால், அந்த ஒரு சுரம் மட்டும் எப்போதும் கத்தும், அல்லது வாயே திறக்காது. பட்டினப்பாக்கத்துக் காற்று நேரே வரும் ஜன்னலோரம் இரண்டு வருடம் கிடந்த என் பழைய கன்ட்ரோலரில் முதலில் போனது நடு ஸ்தாயிப் பஞ்சமம். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். வீட்டில் திருகாணிகளைக் கழற்றி, ரப்பர் பட்டையை உருவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சமம் திரும்பி வந்தது. ஒரு பருத்தித் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

கட்டையை அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் உள்ள தாமதம் கன்ட்ரோலர்க்காரரின் தனித் தலைவலி. பதிவு மென்பொருளில் பஃபர் 512 என்று இருந்தால், வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான கணக்கில் 11.6 மில்லிவினாடி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி அந்த நேரத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் போகும். அதாவது, உங்கள் விரலிலிருந்து பிறக்கும் ஒலியை 13 அடி தள்ளி உட்கார்ந்து கடம் வாசிக்கும் கடக்காரரிடமிருந்து கேட்பதுபோல. மெதுவான பாட்டுக்குச் சமாளிக்கலாம், துரித காலத்துக்கு வம்பு. பஃபரை 128 ஆக்கினால் 2.9 மில்லிவினாடி, கடக்காரர் பக்கத்திலேயே வந்துவிடுவார். நடைமுறையில் இதற்கு மேல் கொஞ்சம் சேரும். லேப்டாப்பின் சொந்தச் சவுண்டு கார்டு 128-இல் பெரும்பாலும் கொறகொறக்கும். ஆகவே ஃபோக்கஸ்ரைட் போன்ற ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. பாடுவதற்கு மைக் செருகவும் அதுவே வேண்டும். கன்ட்ரோலர் விலையோடு இதையும் கூட்டிப் பார்க்காமல் 'சிந்தைவிட மலிவு' என்று சொல்வது பாதிக் கணக்கு. மென்பொருளுக்கு அஞ்ச வேண்டாம்: ரீப்பர் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறது, தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள்காரர்களுக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகிறது.

அப்படியானால் சிந்த் யாருக்கு? மேடைக்குப் போகிறவருக்கு, யோசிக்காமல். மெல்லிசைக் குழுக்களில் ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 இரண்டும் கண்ணில் படாத மேடை குறைவு. இந்திய ஒலிகளைத் தரவிறக்கி ஏற்றலாம், தோளில் மாட்டிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போகலாம், மின்சாரம் போய் வந்தால் சில வினாடிகளில் எழுந்துகொள்ளும். பாட்டு நடுவில் கணினி 'அப்டேட்' கேட்கும் அவமானம் இல்லை. யுஎஸ்பியில் கணினியோடு இணைத்தால் கன்ட்ரோலராகவும் நடந்துகொள்ளும். கணினித் திரையைப் பார்த்தாலே கற்பனை வற்றிப்போகும் சுபாவம் உள்ளவர்களும் உண்டு; அவர்களுக்கும் சிந்த்தான். குமிழைத் திருகத் திருக ஒலி மாறுவதைக் காதால் பின்தொடர்வது ஒரு தனிப் போதை, அதை மவுஸ் தராது. ஆனால் மேடையும் இல்லை, குமிழ்ப் பித்தும் இல்லை, வீட்டில் மாதம் இரண்டு பாட்டு பதிய வேண்டும் என்கிறவர் பெரிய சிந்த் வாங்குவது, சந்தியாவந்தனத்துக்குத் திருக்குளம் வெட்டுவதுபோல.

மூவருக்கும் நான் சொன்ன பதில் இதுதான். பையனுக்கு 25 கட்டை கன்ட்ரோலர், மிச்சக் காசுக்கு நல்ல ஹெட்ஃபோன். வங்கிப் பெரியவருக்கு, அந்த ஊமைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரும் தாளமும் உள்ள இந்திய மாடல் கீபோர்டு ஒன்று. சக்கரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மெட்டு மனத்தில் இருக்கும்போதே ஒலி வர வேண்டும் அவருக்கு, கணினி திறப்பதற்குள் மெட்டு பறந்துவிடும். தவறாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆறு மாதத்தில் பதினோரு முருகன் பாட்டு வந்துவிட்டது.

பாட்டு டீச்சரோடு கடைக்கு நானே போனேன். 1842-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் மியூசி மியூசிகல் மவுண்ட் ரோட்டில் இருக்கிறது. இன்று நகரில் வேறு கடைகளும் நிறைய. எந்தக் கடையானாலும் சரி, வலைத்தளத்தில் படம் பார்த்து வாங்காமல் நேரில் போய் இடக்கையால் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். பாடுகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீச்சர் ஏழெட்டுக் கருவிகளில் தோடி காந்தாரத்தை அசைத்துப் பார்த்து, உதடு பிதுக்கி, ஒன்றில் மட்டும் தலையாட்டினார். 49 கட்டை கன்ட்ரோலர், இரண்டு சாதாரணச் சக்கரங்கள், மின்னும் விளக்குகள் ஒன்றுமில்லை. இப்போது அவர் மேஜையில் பருத்தித் துணிக்கடியில் இருக்கிறது. வீச்சு நாலு அரைச்சுரம். டிரான்ஸ்போஸ் மைனஸ் ஐந்து.